சாட்சி தயங்கினார்

போன மாதம் என் பழைய கந்தோரிலிருந்து ரிஸ்னா தொலைபேசியில் பேசினாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் கதிரையில் இருப்பவள் அவள்தான்.

"மிஸ், புது வீபிஎன் போட்டிரிக்கிறம். ஹாட்வெயார் எக்ஸலரேஷன் எண்டு ஒரு டிக் இரிக்குமே, அத எங்க தேடியும் காணல்ல."

"அத எடுத்துட்டாங்க. இப்ப மென்பொருளே புரசெசரப் பார்த்துத் தானா முடிவெடுக்கும். நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல."

"அப்ப உங்கட கொப்பியில அந்த டிக்குக்கு மட்டும் நாலு பக்கம் எழுதி வெச்சிரிக்கீங்களே, என்னத்துக்கு மிஸ்?"

எனக்கு வந்த எரிச்சலை அந்தப் பிள்ளையிடம் காட்டி என்ன பயன்? "பிறகு சொல்றன் மகள்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு அரை மணித்தியாலம் வேறு வேலை ஓடவில்லை. ஒரு டிக். இப்போது தேவையே இல்லையாம். அதற்காக நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது?

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீபிஎன் என்பது கிளைக் கந்தோருக்கும் தலைமைக் கந்தோருக்கும் இடையே போய்வரும் எல்லாவற்றையும் பூட்டி அனுப்புகிற மென்பொருள். அந்தப் பக்கத்தில் திறந்துகொள்வார்கள். இடையில் யார் எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. இந்தப் பூட்டுகிற வேலை சின்ன வேலையல்ல. செக்கனுக்குச் செக்கன் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கென்றே புரசெசருக்குள் தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். மென்பொருளில் ஒரு டிக் போட்டால் அந்தப் பகுதி வேலையை எடுத்துக்கொள்ளும். போடாவிட்டால் புரசெசர் தன் மற்ற வேலைகளோடு இதையும் இழுத்துக்கொண்டு திணறும். இவ்வளவுதான். இவ்வளவையும் விளங்கப்படுத்தப் போய்த்தான் என் உத்தியோகத்தின் கடைசிக் காலம் கழிந்தது.

நான் புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவள். ஓஎல் முடித்துத் தட்டச்சு படித்தேன். தட்டச்சுக்காரியாகச் சேர்ந்த கந்தோருக்குள் ஒரு நாள் கணினி வந்தது. அதைத் தொடப் பயமில்லாதவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னைக் கொழும்புக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆகியிருந்தேன். பயிற்சிக் காலம் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை கற்றது முழுக்க மேசைக்குக் கீழே குனிந்து வயர் இழுத்துத்தான்.

கந்தோரின் பெயர் வேண்டாம். அரச கந்தோர் ஒன்று. மாவட்டத்தில் ஆறு கிளைகள். வீபிஎன் வந்தபோது ஆறுக்கும் நான்தான் பொறுப்பு. அதற்காக சீஆர் என்கிற தடித்த அட்டைக் கொப்பி ஒன்றில் ஒழுங்குமுறை எழுதி வைத்தேன். முதலில் கணினியைத் திறக்கும்போதே உள் அமைப்புக்குள் போய், பூட்டும் பகுதி இயங்க விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சில கணினிகளில் தொழிற்சாலையிலிருந்தே அதை நிறுத்தித்தான் அனுப்புவார்கள். பிறகு மென்பொருளைப் போட்டு டிக் வைக்கவேண்டும். வைத்தால் மட்டும் போதாது. ஒரு பெரிய கோப்பை அனுப்பிக்கொண்டே புரசெசர் எத்தனை வீதம் உழைக்கிறது என்று பார்க்கவேண்டும். முப்பதுக்குக் கீழே நின்றால் சரி. தொண்ணூறைத் தொட்டால் டிக் பேருக்குத்தான் இருக்கிறது என்று அர்த்தம். ஆறு கிளைக்கும் நானே பஸ்ஸில் போய் இப்படிப் பார்த்து எழுதி வந்தேன். ஒரு வருடம் ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

பிறகு தலைமைக் கந்தோரில் பணிப்பாளர் ஒரு வீடியோக் கூட்டம் நடத்தினார். திரையில் அவருடைய முகம் பச்சையாகத் தெரிந்ததாம். யாரோ ஒருவர் இணைய உலாவியில் ஹாட்வெயார் எக்ஸலரேஷனை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நிறுத்தியதும் முகம் சரியாகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த கிழமை சுற்றுநிருபம் வந்தது: எல்லாக் கணினிகளிலும் எல்லா மென்பொருள்களிலும் ஹாட்வெயார் எக்ஸலரேஷன் நிறுத்தப்பட வேண்டும்.

படம் காட்டுவதற்கு உதவுவது ஒன்று. பூட்டுவதற்கு உதவுவது இன்னொன்று. பெயர் மட்டும்தான் ஒன்று. ஊரில் நவ்பர் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஒருவருடைய காய்ச்சலுக்கு மற்றவருக்கா ஊசி போடுவார்கள்?

எங்கள் பிரதிப் பணிப்பாளர் பெர்னாண்டோ சேரிடம் ஓடினேன். சிலாபத்துக்காரர். ஒரே வாக்கியத்தில் தமிழும் சிங்களமும் பேசுவார். பதினொரு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. யார் உள்ளே போனாலும் முதலில் பேனையை மூடுவார். கோப்பின் ஓரத்துக்கு நேராக அதை வைப்பார். பிறகுதான் தலையைத் தூக்குவார். நாம் சொல்வதை இடையில் வெட்டாமல் கடைசிவரை கேட்பார். கேட்டு முடிந்ததும், "எழுத்தில தாங்க மிஸ்" என்பார்.

எழுதிக் கொடுத்தால் அடுத்த நாள் கடிதம் திரும்பி வரும். மூலையில் சின்ன எழுத்தில் "அவதானிக்கப்பட்டது" என்று இருக்கும். கீழே கையெழுத்து. சரி என்றும் இல்லை, பிழை என்றும் இல்லை. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். என் உம்மா மவுத்தான அன்று சிலாபத்திலிருந்து பஸ்ஸில் வந்து அடக்கம் முடியும்வரை நின்றவர் அவர். ஆனால் ஒரு காகிதத்தில் ஓம் என்று எழுத அவருடைய கைக்கு வராது.

இரண்டு பக்கக் கடிதம் கொடுத்தேன். அவதானிக்கப்பட்டது. அதே கிழமை தலைமைக் கந்தோர் எல்லாக் கணினிகளிலும் அந்த டிக்கை அங்கிருந்தே எடுத்துவிட்டுப் பூட்டியும் விட்டது. நான் திறந்து பார்த்தால் பெட்டி சாம்பல் நிறத்தில் கிடந்தது. அமுக்கினாலும் அசையவில்லை.

மற்ற ஐந்து கிளைகளிலும் பெரிய கணினிகள். அவை சமாளித்துக்கொண்டன. கற்பிட்டிக் கிளையில் மட்டும் சாப்பாட்டுப் பெட்டியளவு சின்னக் கணினி. மின்சாரம் மிச்சம் என்று வாங்கிக் கொடுத்தது. அதன் புரசெசருக்கு அந்த உதவி இல்லாமல் ஏலாது.

கற்பிட்டிக் கிளைக்குப் பொறுப்பானவர் நவ்பர். என்னை அக்கா முறை வைத்து ராத்தா என்றுதான் கூப்பிடுவார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவருடைய அழைப்பு வரும். "ராத்தா, திரும்பவும் செத்துப் போச்சு." நான் காரணத்தைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. லைன் பிழை என்றார்கள். தொலைபேசிக் கம்பனிக்காரர் மூன்று தரம் வந்து அளந்தார். லைன் நல்ல வேகம். அப்படியானால் கோபுரம் பிழை என்றார்கள். காற்று என்றார்கள். வெங்காயத் தோட்டக்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர் மோட்டர் போடுவதால் மின்சாரம் குறைகிறது என்று ஒருவர் அறிக்கையே எழுதினார். கேபிளை மாற்றினார்கள். மேசையை மாற்றினார்கள். நவ்பர் தன் வீட்டிலிருந்து மேசை மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து அந்தச் சின்னக் கணினிக்கு முன்னால் வைத்தார். சிரிக்காதீர்கள், அதில்தான் கொஞ்சமாவது குணம் தெரிந்தது. சூடேறினால் புரசெசர் இன்னும் மெதுவாகும்.

இப்படியே ஏழெட்டு மாதம் போனது. அப்போதுதான் சூசையின் விசாரணை வந்தது.

சூசை கற்பிட்டிக்கு அப்பால் இருக்கும் உச்சமுனைத் தீவுக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஆசிரியைகளைக் காலையில் கற்பிட்டியிலிருந்து படகில் ஏற்றிப்போய் பின்னேரம் திருப்பிக் கொண்டுவருவார். அதற்கு அனுமதிப்பத்திரம் வைத்திருந்தார். ஒரு நாள் காலை தண்ணீருக்குள் மறைந்திருந்த பழைய வலைக்கம்பு ஒன்றில் இடித்துப் படகு கவிழ்ந்தது. இடுப்பளவு தண்ணீர், உயிர்ச்சேதம் இல்லை. ஒரு ஆசிரியைக்குத் தோள் எலும்பு உடைந்தது. அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவைத்து விசாரணை போட்டார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏற்றினாரா, உயிர்காப்பு அங்கி கொடுத்தாரா என்பதுதான் கேள்வி. அங்கி கொடுத்தார் என்று சில ஆசிரியைகள் சொன்னார்கள். ஞாபகம் இல்லை என்று சிலர் சொன்னார்கள். எத்தனை பேர் என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. ஆகவே சூசை என்ன சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். அவர்கள் கொழும்பில் இருப்பார்கள். சூசை எங்கள் கற்பிட்டிக் கிளையில் இருந்து வீடியோவில் சாட்சி சொல்லவேண்டும். அதுவும் வீபிஎன் வழியாக. தொடர்பைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். நான் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது.

சூசை வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்து வாரி, நேரத்துக்கு முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். நவ்பரின் மின்விசிறி புண்ணியத்தில் முதல் பத்து நிமிடம் நன்றாகப் போனது. பெயர், ஊர், எத்தனை வருட அனுபவம். பிறகு குழுத் தலைவர் சிங்களத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "அன்றைக்குப் படகில் எத்தனை பேரை ஏற்றினீர்கள்?"

"ஒன்பது பேர் சேர்" என்றார் சூசை. கேட்ட வாய் மூடமுன் சொன்னார்.

நான் கணினிக்குப் பக்கத்தில் இருந்தேன். புரசெசர் நூறு வீதத்தில் நின்றது. மற்றப் பக்கத்தில் படம் உறைந்து போயிருந்தது. அங்கே அவர்களுக்குத் தெரிந்தது, வாயைப் பாதி திறந்துகொண்டு பேசாமல் இருக்கும் ஒரு மனிதன். ஏழெட்டுச் செக்கன்.

"சாட்சி ஏன் யோசிக்கிறார்?" என்று தலைவரின் குரல் வந்தது.

சூசை என்னைப் பார்த்தார். திரும்பவும் ஒன்பது என்றார். முதல் சொன்ன ஒன்பதும் இதுவும் ஒன்றோடொன்று மோதி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன.

"படகில் ஏறுவதற்கு முன் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி கொடுத்தீர்களா?"

"குடுத்த சேர்! ரெண்டு டீச்சர்மார் வெக்கை எண்டு போடல்ல. போடச் சொல்லித்தான் சொன்ன."

திரும்பவும் உறைந்தது. அங்கே போனது "குடுத்த" என்பதில் பாதியும், "சொன்ன" என்பதும். இப்படி எட்டுப் பத்துக் கேள்வி. போகப் போக சூசைக்கே குழம்பிவிட்டது. தன் குரல் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று காத்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே தயங்கத் தொடங்கிவிட்டார். கடைசியில் தலைவர் பதிவெழுதுபவருக்குச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கணினிக்கு அந்த நேரம் பார்த்துத்தான் சுகம் வந்தது. "எழுதிக்கொள்ளுங்கள். முக்கிய கேள்விகளுக்குச் சாட்சி தயங்கினார்."

அமர்வு இரண்டு கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. திரை அணைந்ததும் சூசை எழுந்தார்.

"நான் தயங்கல்ல மிஸ்! நான் உடன சொன்னன்தானே! நீங்க பக்கத்துல இருந்து கேட்டீங்கதானே!"

"கேட்ட, சூசை."

குனிந்து வயர்களைக் கழற்றத் தொடங்கினேன்.

அடுத்த நாள் காலையே பெர்னாண்டோ சேரின் அறைக்குப் போனேன். இந்த முறை கடிதத்தோடு போகவில்லை. களஞ்சியத்தில் கற்பிட்டியில் இருப்பதைப் போலவே ஒரு சின்னக் கணினி மேலதிகமாகக் கிடந்தது. எங்கும் பதிந்து கொடுக்காததால் தலைமைக் கந்தோரின் பூட்டு அதற்கு விழவில்லை. அதை அவருடைய மேசையில் வைத்தேன். டிக்கோடு ஒரு வீடியோ அழைப்பு, டிக் இல்லாமல் ஒன்று. முதலாவதில் புரசெசர் இருபத்தைந்தில் நின்றது. இரண்டாவதில் ஒரு நிமிடத்துக்குள் நூறு. படம் உறைந்தது.

அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை முன்னுக்கு இழுத்து, நெடுநேரம் பார்த்தார்.

"மிஸ் சொல்றது ஹரி" என்றார். சரி என்பதற்குச் சிங்களம்.

எனக்கு நம்பமுடியவில்லை.

"அப்ப சேர், அடுத்த அமர்வுக்கு மட்டும் இந்த மெசினப் போட ஒரு அனுமதி."

"அதுதான் ஏலாது. நான் கையெழுத்து வெச்சா, சுற்றுநிருபம் பிழையெண்டு நான் சொன்ன மாதிரி ஆகும்."

"பிழைதானே சேர்!"

"பிழைதான். ஆனா நான் சொன்ன மாதிரி ஆகப்படாதுதானே."

கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நவ்பர் தொலைபேசியில் வேறு வழி சொன்னார். "ராத்தா, இந்த வீபிஎன்ன விட்டுட்டு சும்மா கைப்போனாலயே வீடியோ எடுத்துக் குடுப்பமே. என்ன நடக்கப் போகுது?"

நடக்கும். விசாரணைச் சாட்சியத்தைப் பூட்டாமல் திறந்த வெளியில் அனுப்பினால் நாளைக்கு எவராவது அதைச் சொல்லியே முழு விசாரணையையும் செல்லாது என்று ஆக்கலாம். அதைவிட, ஒரு மனிதனுடைய வாய்ச்சொல்லை யாரும் எடுத்துப் பார்க்கும்படி அனுப்ப நான் இருபத்தெட்டு வருடம் இந்த வேலை பார்க்கவில்லை. பூட்டத்தான் வேண்டும். ஒழுங்காகப் பூட்டவேண்டும். இதை விளங்கப்படுத்தவும் கால் மணித்தியாலம் போனது.

இரண்டாவது அமர்வு நாளன்று, களஞ்சியப் புத்தகத்தில் கையெழுத்து வைத்து அந்தக் கணினியை எடுத்தேன். துவாயில் சுற்றி, பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு கற்பிட்டி பஸ்ஸில் போனேன். அனுமதி இல்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. போனதும் பழையதைக் கழற்றி இதைப் பொருத்தினேன். நவ்பர் வாசலில் நின்று பார்த்தார். "நான் ஒண்டும் காணல்ல ராத்தா" என்றார்.

படம் கண்ணாடி போல இருந்தது. தலைவர் கேட்டார், சூசை சொன்னார். ஒன்பது பேர். அங்கி கொடுத்தேன். இரண்டு பேர் போடவில்லை. கம்பு தண்ணீருக்குள் இருந்தது, காணவில்லை. ஒரு சொல்லும் விழவில்லை.

அப்போது தலைவர் தன் முன்னால் இருந்த தாளைப் புரட்டினார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "முன்னைய அமர்வில் இதே கேள்விகளுக்கு நீங்கள் தயங்கினீர்கள். இன்றைக்குக் கேட்டவுடன் சொல்கிறீர்கள். இந்த இரண்டு கிழமைக்குள் யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களா?"

சூசையின் முகம் செத்துப்போனது. "எனக்கு ஆரும் சொல்லித்தரல்ல. அண்டைக்கும் இதத்தான் சொன்ன."

"பதிவில் அப்படி இல்லை."

நான் திருத்திய திருத்தமே அவரைப் பொய்யனாக்கிவிட்டது. எழுந்து கமெராவுக்கு முன்னால் போனேன். மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்காமல் சிங்களத்திலேயே பேசினேன்.

"சேர், மன்னிக்க வேணும். அண்டைக்கு அவர் தயங்கல்ல. எங்கட மெசின்தான் நிண்டது."

"நீங்கள் யார்?"

"தொழில்நுட்ப உத்தியோகத்தர்."

"நீங்கள் சாட்சியா?"

"இல்ல சேர்."

"அப்படியானால் உட்காருங்கள்."

நான் உட்காரவில்லை. டிக்கைப் பற்றிச் சொன்னேன். சுற்றுநிருபத்தைப் பற்றிச் சொன்னேன். ஏழெட்டு மாதத்துக்கு முன்பே கடிதம் கொடுத்ததைச் சொன்னேன். இன்றைக்கு வேறு கணினி, அதை அனுமதி இல்லாமல் நான்தான் கொண்டுவந்தேன் என்பதையும் சொன்னேன். பின்னால் நவ்பர் "யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

குழுவில் ஒரு பெண் உறுப்பினர் இருந்தார். அதுவரை வாய் திறக்காதவர். "பழைய மெசின் அங்கே இருக்கிறதா? மாற்றிப் போட்டுக் காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

மாற்றினேன். பதினைந்து நிமிடம் எடுத்தது. சூசை பழையபடி கதிரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவரோடு பொதுவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணச் சொன்னார் அந்த அம்மா. சூசை விறைத்துப்போய், ஜெபம் சொல்வதுபோல நிறுத்தாமல் எண்ணினார். நான் புரசெசரைப் பார்த்தேன். நூறு. எண்ணி முடித்துக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நாலுக்குப் பிறகு பதின்மூன்று கேட்டது" என்றார் அவர்.

முதல் அமர்வின் பதிவைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்று தலைவர் சொன்னார். என் பழைய கடிதத்தின் கோப்புப் பிரதியைப் பெர்னாண்டோ சேரிடம் கேட்டு எழுதினார்கள். அவர் அன்றே அனுப்பிவிட்டார். அதன் மூலையில் "அவதானிக்கப்பட்டது" என்பதற்குக் கீழே புதிதாக ஒரு வரி எழுதியிருந்தாராம்: தொழில்நுட்ப ரீதியில் சரியானது. அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத்தான் தெரியும்.

அடுத்த கிழமை அதே பெர்னாண்டோ சேர் கையெழுத்திட்டு எனக்கு விளக்கம் கோரல் கடிதம் வந்தது. அனுமதியின்றிச் சாதனத்தை மாற்றியது ஏன்? நான் பதில் எழுதினேன். பதிலும் மூலையில் அந்த ஒரே சொல்லோடு திரும்பி வந்தது. என் தனிப்பட்ட கோப்பில் ஒரு எச்சரிக்கையோடுதான் ஓய்வுபெற்றேன். சுற்றுநிருபத்தை அவர்கள் நீக்கவில்லை. அதைத் "தெளிவுபடுத்தும் பொருட்டு" இன்னொன்று விட்டார்கள். இணைய உலாவிக்கு மட்டுமே பொருந்துமாம். பிழை நடந்தது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

சூசைக்கு மூன்று மாதம் கழித்து அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைத்தது. கொஞ்ச நாளில் அவர் புத்தளத்தில் எங்கள் கந்தோருக்கு வந்தார். கையில் விசாரணைப் பதிவின் பிரதி. என் மேசையில் விரித்து ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "சாட்சி தயங்கினார்" என்ற வரிக்கு மேல் பேனையால் ஒரு கோடு கிழித்திருந்தார்கள். கோட்டுக்குக் கீழே எழுத்து நன்றாக வாசிக்கத் தெரிந்தது.

"இத முழுசா அழிக்க ஏலாதா மிஸ்?"

"ஏலாது சூசை. பதிவுல எழுதினத அழிக்கமாட்டாங்க. வெட்டத்தான் செய்வாங்க."

அவர் தாளை மடித்தார். மடித்துக்கொண்டே கேட்டார்.

"மிஸ், மெசின்தான் நிக்கிது எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முதல் கேள்வியிலயே."

"முதல் நாளா?"

"ஓம்."

"அப்ப ஏன் அண்டைக்கே சொல்லல்ல?"

விசாரணை நடக்கும்போது தொழில்நுட்ப உத்தியோகத்தர் பேசக்கூடாது என்று விதி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இருந்தது உண்மைதான். ஆனால் அந்த மனிதர் என் முன்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டன்" என்றேன். "பென்சனுக்கு எட்டு மாசம் இருந்தது."

அவர் கோபப்படவில்லை. தாளைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அத அந்தப் பதிவுல எழுதினாங்களா மிஸ்?"

"இல்ல."

தலையாட்டிவிட்டு, பின்னேரக் காற்று எழுமுன் கரை சேரவேண்டும் என்று சொல்லிப் புறப்பட்டுப் போனார்.